நீங்க கூடாது

"எந்திரி."

திருமுருகன் சொன்னது இந்த ஒரே சொல்தான். சொன்னது மாமனாரைப் பார்த்து. மாமனார் வைரக்கண்ணு கண் ஆபரேஷனை முடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் வெற்றிலைப் பெட்டியுமாக, அரியலூரில் மகள் வீட்டு வாசற்படியை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"மாப்ள, எங்கிட்டயா பேசுறீங்க?"

"எந்திரி. வழிய விடு."

சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. அனுசுயா இட்லித் தட்டோடு ஓடிவந்து, புருஷனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திருமுருகனைத் தெரியாதவர்களுக்கு இதிலுள்ள விபரீதம் புரியாது. மருமகன் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தெரிந்தவர்கள் அப்படிப் போக முடியாது. அவன் 'ங்க' போடாமல் பேசி யாரும் கேட்டதில்லை. கட்டின மனைவியிடம் 'வாங்க, போங்க'. பக்கத்து வீட்டு யூகேஜி பிள்ளையிடம் 'ஸ்கூலுக்குக் கிளம்பிட்டீங்களா?' தெருநாய் குறுக்கே படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, 'கொஞ்சம் நகருங்க' என்பான். போனில் பதிவு செய்த குரல் 'காத்திருக்கவும்' என்று சொன்னால், அதற்கும் 'சரிங்க' என்பான். அவன் வேலை பார்க்கும் லாரி ஆபீஸில் அவனுக்கு 'ங்க முருகன்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் 'சொல்லுங்க' என்றுதான் திரும்புவான்.

அப்படிப்பட்டவன், வயதில் மூத்தவரை, அதுவும் பெண் கொடுத்தவரை, 'எந்திரி' என்கிறான்.

வைரக்கண்ணு எழுந்தார். கோபமாக எழவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, கையைக் குவித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரு வந்திருக்கீங்க?"

எங்கள் பக்கத்தில் பெரியவர்களை 'ங்க' இல்லாமல் அதட்ட இரண்டு பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒன்று சாமி. இன்னொன்று மேனேஜர். திருமுருகன் மேனேஜர் இல்லை என்பது மாமனாருக்குத் தெரியும். ஆகவே அவர் வந்த முடிவில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆடி மாசம் வேறு.

திருமுருகனுக்கு 'ஐயோ, சாமியெல்லாம் இல்லீங்க மாமா' என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. சொல்ல முடியாது. சொன்னால் எல்லாம் போய்விடும்.

என்ன போய்விடும் என்பதற்கு, இரண்டு நாள் பின்னால் போக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் மேனேஜர் ஆண்டவர் அவனைக் கூப்பிட்டார். ஆண்டவர் என்பது அவர் அப்பா அம்மா வைத்த பெயர்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். "ராய்ப்பூர்ல புதுக் கிளை தொறக்குறோம்யா. சுண்ணாம்புக்கல் லாரி கணக்கெல்லாம் உனக்கு அத்துப்படி. நீ போயிடு. இப்ப நான் அங்கதான் போறேன். வெள்ளிக்கிழமை வந்து ஆர்டர் குடுக்குறேன்."

"சரிங்க," என்றான் திருமுருகன்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அனுசுயா டீச்சர். ராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளியில் வருஷக்கணக்காகக் கிடந்து, யார் யாரையோ பார்த்து, இந்த ஜூனில்தான் பக்கத்திலிருக்கும் கல்லங்குறிச்சிக்கு மாறுதல் வாங்கி வந்திருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் காபி குடிக்க ஆரம்பித்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. இதில் இவன் ராய்ப்பூருக்குச் 'சரிங்க' சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. திரும்பப் போய் ஆண்டவரிடம் 'முடியாது' என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவன் வாய் எதற்குத்தான் வந்தது, 'சரிங்க'வைத் தவிர?

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் லப்பைக்குடிக்காட்டில் தவ்ஹீத் வீட்டு மாடியில் ஆட்டம் உண்டு. தவ்ஹீத் துபாயிலிருந்து திரும்பிப் பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருப்பவன். துபாயில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவனிடம் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. மந்திரம், மாயம், மறைசக்தி எல்லாம் கலந்தது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதை பேசி ஆட வேண்டும். தவ்ஹீத் சீட்டுகளையெல்லாம் தானே தமிழில் மாற்றி, தானே டைப் அடித்து, அட்டையில் பிரிண்ட் போட்டிருந்தான். அவன் மனைவி நஜீமா பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவள். ஆட்டத்தில் சேர மாட்டாள். சமோசா மட்டும் மாடிக்கு வரும்.

"இந்த உலகத்த ஆட்டி வைக்கிறதே சில ஆதி முகங்கதாண்ணே," என்று தவ்ஹீத் குரலை ஒரு மாதிரி ஆக்கிக்கொண்டு சொல்வான். "துறவி, தாய், பித்தன், வழிப்போக்கன், கொடுங்கோலன். நீங்க எடுக்குற முகத்த ஒரு வாரம் அதோட விதிப்படி சுமக்கணும். தவறாம சுமந்தா அது உங்களுக்குள்ள எறங்கும். மீறுனா அந்த நிமிஷமே விட்டுட்டுப் போயிடும். அடுத்த ஞாயிறு வரைக்கும் யாருக்கு எந்த முகம்னு மூச்சு விடப்படாது. எனக்கே தெரியக் கூடாது."

சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். திருமுருகன் ஒன்றை எடுத்து, மடிக்குள் மறைத்துப் பார்த்தான்.

கொடுங்கோலன். அரியணையின் ஆவி. இவன் சக்தி முழுவதும் ஒரே விதியில் அடக்கம்: நீங்க கூடாது.

திருமுருகன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தான். 'நீங்க' கூடாது என்றால் 'வாங்க' மட்டும் கூடுமா? 'போங்க', 'சொல்லுங்க', 'சரிங்க' எதுவும் கூடாது. தன்னுடைய வியாதி இன்னது என்று தெரிந்து எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கோலன் தனக்குள் இறங்கிவிட்டால், ஆண்டவரை நிமிர்ந்து பார்த்து 'முடியாது, போ' என்று சொல்லிவிடலாம். அனுசுயாவுக்கு விஷயமே தெரிய வேண்டாம். முதலில் வீட்டில் பழக வேண்டியதுதான்.

அந்தப் பழக்கத்தின் முதல் சொல்தான் 'எந்திரி'.

இப்போது மாமனார் கும்பிட்ட கையோடு நிற்கிறார்.

"வழிய விடுன்னு உத்தரவாயிருக்கு," என்றார் மகளிடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன, ஆபரேஷனாலா பயத்தாலா என்று சொல்ல முடியாது. "நான் எவன்கிட்டயும் சொல்லலம்மா. உங்கிட்டகூடச் சொல்லல. நம்ம பக்கத்து நெலத்துக்காரன் அமாவாசை, அவன் கொல்லைக்குப் போற வண்டிப் பாதைய, போன வாரந்தான் முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சேன். அது எப்புடி மாப்ளைக்குத் தெரியும்? சாமிக்குத்தான் தெரியும்."

"அப்பா, அவரு வாசல்ல வழி விடச் சொல்றாருப்பா," என்றாள் அனுசுயா.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்று போனை எடுத்து, தன் ஊர் விக்கிரமங்கலத்துக்கு நேரடியாகவே கேட்கும்படி கத்தினார். "ஏய்! அந்த முள்ளப் பிரிச்சுப் போடு! இப்பவே!"

திருமுருகன் தப்பித்தால் போதும் என்று வண்டியை எடுத்தான்.

ஆபீஸில் கணக்குப் பார்க்கும் ஹேமலதாவை அவன் எப்போதும் 'மேடம்' என்பான். அன்றைக்கு அவள் மேஜைக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "நேத்து லாரி நடைச் சீட்ட எடு," என்றான்.

ஹேமலதா சீட்டை எடுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"சார்... கன்ஃபார்ம் ஆயிடுச்சா சார்?"

"எது?"

"ராய்ப்பூர்! மேனேஜர் போஸ்ட்டா சார்? நான் அப்பவே நெனச்சேன் சார். சும்மா உங்கள அவ்ளோ தூரம் அனுப்புவாங்களா?"

இல்லை என்று சொல்லலாம். ஆனால் 'இல்லைங்க மேடம்' என்று சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். 'இல்ல' என்று வெட்டிச் சொல்லிப் பார்த்தான்.

"பாருங்க, எப்புடி வெட்டுனாப்ல சொல்றாரு. மேனேஜரேதான்!" என்று ஹேமலதா உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் டிரைவர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். அவனை 'ங்க முருகன்' என்று கூப்பிட்ட வாயெல்லாம் 'சார்' என்றது. எதைத் தடுக்க வேண்டும் என்று கொடுங்கோலனைச் சுமந்தானோ, அதற்கே பட்டாபிஷேகம் நடந்தது.

மறுநாள் காலையில் வாசலில் அமாவாசை நின்றிருந்தார். கையில் தேங்காய், பழம், வெற்றிலை. பாதை திறந்த மகிழ்ச்சியில் விடியும் முன்னே பஸ் ஏறியிருக்கிறார். வைரக்கண்ணுவும் அவரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்து, அமாவாசை திருமுருகன் பக்கம் திரும்பினார்.

"சாமி, எங்க செவல மாட்டக் காணல. மூணு நாளா தேடுறோம்."

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. "போ," என்றான் திருமுருகன், எரிச்சலோடு வாசலைக் காட்டி.

அந்த வாசல் கிழக்குப் பார்த்த வாசல். அமாவாசை ஊருக்குப் போய்க் கிழக்கே நடந்தார். மாடு கிடைத்தது. கிழக்கேதான் தண்ணீர் இருக்கிறது, வெயில் நேரத்தில் மாடு வேறு எங்கே போகும் என்று கேட்க, அந்த ஊரில் அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை திருமுருகன் ஒரு முடிவுக்கு வந்தான். பேசினால்தானே வம்பு? வாயே திறப்பதில்லை. 'ங்க'வும் வராது, உத்தரவும் வராது.

"மௌனம்," என்று வைரக்கண்ணு வந்தவர்களிடம் கிசுகிசுத்தார். ஆமாம், வந்தவர்கள். அதற்குள் தெருவில் செருப்புகள் சேர ஆரம்பித்திருந்தன. "நேத்து வரைக்கும் பேசுச்சு. இன்னைக்கு மௌனத்துல எறங்கிடுச்சு. கோவமா இருக்கும்னு தோணுது."

கோபமான சாமி என்றதும் கூட்டம் இரண்டு மடங்கானது. பேசாமல் பல் துலக்கினான், பார்த்தார்கள். பேசாமல் சட்டை போட்டான், பார்த்தார்கள். நடுவே ராய்ப்பூரிலிருந்து, புதுக் கிளை விஷயமாக, ஆண்டவர் போன் செய்தார். போனை எடுத்துவிட்டுத்தான் தன் மௌனம் நினைவுக்கு வந்தது. எதிரில் 'ஹலோ, ஹலோ' என்று கேட்டது. பதறிப்போய் போனை அனுசுயாவிடம் நீட்டி, "ஆண்டவர் பேசுறான். அப்புறம் வரேன்னு சொல்லு," என்றான்.

கூட்டத்தில் ஒரு கிழவர் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார்.

"ஆண்டவர் பேசுறானாம்! போன்லயே பேசுறானாம்! அப்புறம் வரேன்னு இவரு சொல்றாருய்யா!"

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது தெருவில் குட்டியானை வண்டி ஒன்று நின்றது. திருமழபாடிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி ஜனம். எல்லோருக்கும் முன்னால் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார். ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் சாமி வருவது அவருக்குத்தான். யாரோ லாரி ஆபீஸ்காரனுக்கு சாமி வந்திருக்கிறது என்றால், அந்த அம்மாள் நேரில் பார்க்காமல் இருப்பாரா?

"கைய நீட்டு," என்றார்.

திருமுருகன் நீட்டினான். யார் எது சொன்னாலும் செய்வது அவன் பிறவிக் குணம். அது கொடுங்கோலனுக்கு அடுக்குமா என்று யோசிக்கும் முன்பே உள்ளங்கையில் ஒரு கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டார்.

"நெசமான சாமின்னா சுடாது. யாரு நீ? சொல்லு."

நெசமாகவே சுட்டது. 'அணைங்க, அணைங்க' என்று அலற வாய் திறந்தான். 'ங்க' கூடாது என்பது பாதியில் நினைவுக்கு வந்தது.

"அணை!" என்று கத்தினான். "அணை! அணை!"

கற்பூரம் கீழே விழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் நடுங்கும் குரலில் கேட்டார்.

"கொள்ளிடத்துலயா சாமி?"

அவ்வளவுதான். "சாமி அணை கேக்குது!" என்று தெருவே கிளம்பியது. தடுப்பணை வேண்டும் என்று எத்தனை காலமாகவோ கேட்டுக்கொண்டிருப்பவர்கள். "மூணு தடவ சொல்லிருச்சுய்யா! மூணு அணை!" "கலெக்டர் ஆபீஸ்க்கு நாளைக்கே போவோம்!" பொன்னுத்தாய் எழுந்து நின்று, தோற்றுப்போன முகத்தோடு, எல்லோருக்கும் கேட்கும்படி, "சாமிதான்," என்றார்.

திருமுருகன் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தபோது ஹேமலதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் பெரிய அட்டைப் பெட்டி. அவள் பின்னால் நாலு டிரைவர்கள்.

"மேடம், ஆபீஸ் சார்பா," என்று அனுசுயாவிடம் கொடுத்தாள். "சார் சொல்லியிருப்பாரே."

அனுசுயா பெட்டியைத் திறந்தாள். உள்ளே கேக். அதன் மேல் ரோஸ் நிறக் கிரீமில், 'ராய்ப்பூர் மேனேஜர் சாருக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது.

அவள் பெட்டியை மூடி, அப்பா கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போனாள்.

திருமுருகன் பின்னாலேயே போனான். வெளியே அணைக்கு எங்கே அஸ்திவாரம் போடுவது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. உள்ளே அனுசுயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராய்ப்பூர் எங்க இருக்கு?"

அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் கட்டினான். 'சொல்றேன், கேளு.' அவ்வளவுதான். 'ங்க' இல்லாமல் சொல்லிவிட்டால் போதும், நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. வாயைத் திறந்தான். அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"சொல்றேங்க. கேளுங்க."

போய்விட்டது. நாலு நாளாகச் சுமந்த கொடுங்கோலன் ஒரு 'ங்க'வில் இறங்கிப் போய்விட்டான். அவனுக்கே அது தெரிந்தது. கரண்ட் போன மாதிரி உடம்பு லேசாகி, ஓய்ந்து போனது. அதன் பிறகு எதை அடக்கி என்ன?

"மேனேஜர் போகச் சொன்னாருங்க. நான் சரின்னு சொல்லிட்டேங்க. தானா வந்துடுச்சுங்க. உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சுங்க. மன்னிச்சுக்குங்க."

அனுசுயா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"உங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போயி சொல்லுங்க." வெளியே கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சாமியெல்லாம் கூட்டிக்கிட்டுப் போவாதீங்க. நீங்க மட்டும் போயி சொல்லுங்க."

அவன் வாசலுக்கு வந்தான். "நேரமாச்சு. எல்லாரும் வூட்டுக்குப் போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க," என்றான்.

பொன்னுத்தாயின் காது கூர்மையானது. "'போங்க'ங்குது!" என்று கையைத் தூக்கினார். அவர் முகத்தில் அந்த சாயங்காலம் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "சாமி மலையேறிருச்சு!"

மலையேறிய சாமிக்குக் கூட்டம் எதற்கு? கேக்கைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வண்டி ஏறினார்கள். வைரக்கண்ணு மட்டும், 'ராய்ப்பூர்' என்று எழுதிய கேக் துண்டைப் பிரசாதமாக வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆண்டவர் தன் அறையில் இருந்தார். திருமுருகன் கதவைத் தள்ளியதும், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எழலாமா வேண்டாமா என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றார். கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"வாங்க... ஏதும் உத்தரவுங்களா?"

இந்த இடத்தில் 'நான் இங்கேதான் இருப்பேன், நீ போ' என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். திருமுருகனுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அதட்ட உள்ளே ஆள் இல்லையே.

"இல்லைங்க. அது மலையேறிடுச்சுங்க."

"அப்பாடா!" ஆண்டவர் பொத்தென்று உட்கார்ந்தார். குரல் பழைய குரலானது. "ஏன்யா, மனுசன பயமுறுத்திட்டியே. சரி, உக்காரு. ஞாயித்துக்கெழம ராத்திரி டிரெயின். டிக்கெட் போட்டாச்சு."

திருமுருகன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் போகலைங்க."

"என்னது?"

"போகலைங்க."

"சரின்னு சொன்னியேய்யா?"

"தப்பா சொல்லிட்டேங்க."

ஆண்டவர் சிரித்தார். சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை போல, நிறுத்தினார். "வேல போயிடும், தெரியுமா?"

"போகட்டுங்க."

"நான் மேல என்ன பதில் சொல்றது?"

"அவரு வரலைன்னு சொல்லுங்க."

"நீ மொதல்ல எந்திரி!"

"எந்திரிக்க மாட்டேங்க."

அவன் எழவில்லை. மிரட்டினார்; 'முடியாதுங்க' என்றான். கெஞ்சினார், 'வேண்டாங்க' என்றான். அதட்டிப் பேசுகிறவனோடு பதிலுக்கு அதட்டி மல்லுக்கட்டலாம். இப்படி 'ங்க' போட்டு மறுக்கிறவனை எந்தப் பக்கம் பிடிப்பது? ஆண்டவர் சாப்பிடப் போய்விட்டு வந்தார். அதே நாற்காலி, அதே பிடி. கையெழுத்து வாங்க வந்த டிரைவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் போனார்கள். மத்தியானம் தாண்டி, ஆண்டவர் வியர்த்துப் போய் போனை எடுத்தார். தலைமை ஆபீஸுக்குப் பேசினார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"இப்பவாச்சும் எந்திரிய்யா. அராஜகமா இருக்கு."

"நன்றிங்க," என்று எழுந்தான் திருமுருகன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அனுசுயாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினான். பூக்காரம்மாவிடம் 'குடுங்க' என்று சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவன் அந்தத் தெருவில் நடந்ததே இல்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவ்ஹீத் வீட்டு மாடியில் ஏறும்போது முகம் கொஞ்சம் தொங்கத்தான் செய்தது. ஆட்டம் என்றால் ஆட்டம். தோற்றது தோற்றதுதான்.

மருந்துக்கடை அறிவழகன் தன் சீட்டை முதலில் திறந்தான். "எனக்குத் துறவி. வெள்ளிக்கெழம பிரியாணியோட துறவி போயிட்டாரு."

"அண்ணே, உங்களுது?" என்றான் தவ்ஹீத்.

திருமுருகன் சீட்டை மேஜையில் வைத்தான். "கொடுங்கோலன். நானும் தோத்துட்டேங்க. நாலு நாளுதான் தாக்குப் பிடிச்சேன். வியாழக்கெழம சாயங்காலம் வூட்ல அவங்ககிட்ட மீறிட்டேன். அப்புறம் மேனேஜர்கிட்ட சுத்தமா மீறிட்டேன். அவரு எதிர்ல உக்காந்துகிட்டு, எந்திரிக்காம, வாய்க்கு வாய் 'ங்க'தாங்க."

எல்லாவற்றையும் சொன்னான். முள்வேலி, மாடு, அணை, கேக், நாற்காலி. அறிவழகனுக்குச் சிரித்துச் சிரித்துச் சமோசா புரையேறியது. தவ்ஹீத் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணே, 'ங்க' போட்டதுக்கும் கொடுங்கோலனுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கதானே சீட்டுல போட்டிருக்கீங்க?"

தவ்ஹீத் சீட்டை எடுத்துப் படித்தான். மறுபடியும் படித்தான். "சரியாத்தானேண்ணே போட்டிருக்கேன்?"

டீ கொண்டுவந்த நஜீமா தட்டை வைத்துவிட்டு, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். டீச்சர் கண் ஒரே இடத்தில் போய் நின்றது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! திருமுருகண்ணே, அது 'நீங்கக் கூடாது'. நடுவுல ஒரு 'க்' விட்டுட்டாரு இவரு. கொடுங்கோலன் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதாண்ணே விதி!"